செபம் வறண்டுபோனால் பொறுப்புகளை விட்டுவிட வேண்டுமா?

காரைக்குடியில் குடியிருக்கும் என் பழைய மறைக்கல்வி மாணவி ஒருத்தி கேட்டது இது:

"டீச்சர், மூன்று வருடமாகச் செபத்தில் எனக்கு ஒன்றுமே இல்லை. ஞாயிறு தவறாமல் பாடற்குழுவில் பாடுகிறேன். அன்பியக் கூட்டத்தில் (பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிப்பது) நான்தான் செபம் சொல்கிறேன். வாய் பேசுகிறது, உள்ளே காய்ந்து கிடக்கிறது. முன்பெல்லாம் பூசையில் நற்கருணை வாங்கினால் கண் கலங்கும். இப்போது வரிசையில் நிற்கும்போது வீட்டில் அரிசி ஊறப்போட்டேனா என்றுதான் நினைப்பு ஓடுகிறது. அவர் சிங்கப்பூரில் இருக்கிறார், மாமியார் படுத்த படுக்கை, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம். அதெல்லாம் இருக்கட்டும். நான் வேஷம் போடுகிறேனா? எல்லாப் பொறுப்பையும் விட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் நேர்மையா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்ம்மா. இப்போதைக்கு எதையும் விடாதே. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். வேஷம் என்றால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. நீ இருப்பதாக யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, இல்லையே என்று தவிக்கிறாய். இரண்டும் ஒன்றாகாது.

உங்களுக்கெல்லாம் ஞாயிறு வகுப்பில், செபம் என்றால் கடவுளோடு பேசுவது என்று சொல்லிக்கொடுத்தேன். பேசிப் பேசிப் பதிலே வராத வருடங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதனால் இப்போது கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வறட்சி என்றால் என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு. ஊருணி வற்றிப்போனால் எல்லோரும் முதலில் வானத்தைத்தான் குறை சொல்வோம். ஆனால் விவரம் தெரிந்த பெரியவர்கள் வரத்துக்காலை, அதாவது ஊருணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை, ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வருவார்கள். நல்ல மழை பெய்த வருடத்திலும் சில ஊருணிகள் நிறையாமல் கிடக்கும். வரத்துக்காலில் யாராவது மண்ணடித்து வீடு கட்டியிருப்பார்கள், இல்லை சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். மழை பெய்யாதது ஒரு காரணம், தண்ணீர் வரும் வழி அடைபட்டது இன்னொரு காரணம். செபத்திலும் அப்படித்தான். எது என்று தெரியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது.

ஆகவே நீயும் முதலில் வரத்துக்காலை நடந்து பார். மூன்று வருடம் என்கிறாயே, அது தொடங்கிய சமயத்தில் என்ன நடந்தது? யாரோடாவது பேச்சுவார்த்தை நின்றதா? சொத்துப் பேச்சா, நாத்தனார் பேச்சா? குருவிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் போகிற விஷயம் ஏதும் இருக்கிறதா? இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் ஆறுதலற்ற காலத்துக்கு, அதாவது இப்படி உள்ளே காய்ந்து கிடக்கிற காலத்துக்கு, மூன்று காரணங்கள் சொல்கிறார். அதில் முதலாவது நம்முடைய அசட்டை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2731-ஆம் எண்ணில் வறட்சியைப் பற்றிப் பேசும்போது, வேர் பிடிக்காததால் வந்த வறட்சி என்றால் மனமாற்றம்தான் மருந்து என்கிறது. எரேமியா இரண்டாம் அதிகாரத்தில் கடவுளே புலம்புகிறார்: வாழ்வு தரும் நீரூற்றாகிய என்னை விட்டுவிட்டு, தண்ணீர் நிற்காத ஓட்டைத் தொட்டிகளைக் குடைந்துகொண்டார்கள் என்று. நம் காலத்து ஓட்டைத் தொட்டி எது என்று உனக்கே தெரியும். மாமியார் தூங்கின பிறகு கிடைக்கிற அரை மணி நேரத்தையும் கைப்பேசி குடித்துவிடுகிறதா என்று பார்த்துக்கொள்.

இது புது நோய் என்று நினைக்காதே. நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி இதற்கு உச்சிவேளைப் பேய் என்று பெயர் வைத்தார். துறவி தன் அறையில் உட்கார்ந்திருப்பான். ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பான். சூரியன் எவ்வளவு நகர்ந்தது, சாப்பாட்டு நேரம் ஆச்சா என்று அண்ணாந்து பார்ப்பான். யாராவது பேச வரமாட்டார்களா என்று தவிப்பான். இந்த இடமே சரியில்லை, வேறு எங்காவது போனால் நன்றாகச் செபிக்கலாம் என்று தோன்றும். நம் ஊரில் சித்திரை மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லாமல், நேரம் அப்படியே நின்றுபோன மாதிரி இருக்குமே, அதுதான். அவர் சொன்ன மருந்து மிக எளியது: அறையை விட்டு எழுந்து போகாதே.

இதில் ஓர் எச்சரிக்கை. ஒரு தடவை நன்றாக யோசி, ஒரு தடவை நல்ல பாவசங்கீர்த்தனம் செய், அதோடு விட்டுவிடு. என்ன பாவம், எந்தப் பாவம் என்று தினமும் தோண்டிக்கொண்டே இருந்தால் கரையே சரிந்துவிடும்.

இப்போது, நீ "அதெல்லாம் இருக்கட்டும்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனாயே, அங்கே வருகிறேன். அது இருக்கட்டும் என்று விடுகிற விஷயம் இல்லை. படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துப் பார்ப்பது என்றால் எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு தடவை எழுந்து திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். மூன்று வருடமாக நீ ஒரு முழு இரவு தூங்கியிருப்பாயா?

எலியாவை நினைத்துப் பார். கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்த மனிதர், அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடி அடியில் விழுந்து, ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கடவுள் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. தூங்கவிட்டார். வானதூதர் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பாடு கொடுத்தார். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான், ஓரேபு மலையில்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கும் இதே நிலைதான். இரண்டு வருடத்துக்கு மேல். அப்போது ஒரு செபக் கூட்டத்தில், உனக்குள் அறிக்கையிடாத பாவம் இருக்கிறது, அதனால்தான் வறட்சி என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து இரவெல்லாம் அழுதேன். பிறகு வேறு ஏதோ காரணத்துக்கு இரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இருந்தது. மாத்திரை, கீரை, பேரீச்சம்பழம் என்று மூன்று மாதம் போனதும் உடம்பில் ஒரு தெம்பு வந்தது. வறட்சி முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் அதில் பாதி, வறட்சியே இல்லை, இரத்தசோகை. ஆகவே நீ இந்த மாதமே போய் இரத்தம், தைராய்டு இரண்டும் பார்த்துவிடு.

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். செபம் மட்டும்தான் ருசிக்கவில்லையா, இல்லை சாப்பாடு, பாட்டு, பிள்ளைகள் சிரிப்பு எதுவுமே ருசிக்கவில்லையா? காலையில் எழவே பிடிக்காமல், இருந்து என்ன செய்ய என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போ. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால், காது கொடுக்காதே. எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்த கடவுள்தான் மருத்துவருக்கும் அறிவைக் கொடுத்தார்.

சரி. வரத்துக்காலும் சுத்தம், உடம்பும் பரவாயில்லை, ஆனாலும் காய்ந்து கிடக்கிறது என்றால்? அப்போதுதான் சிலுவை யோவானிடம் போக வேண்டும்.

அவர் 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின்காரர், கார்மேல் சபைத் துறவி. 1577 டிசம்பரில் அவருடைய சபைத் துறவிகளே, சபைக்குள் அவர் ஈடுபட்ட சீர்திருத்தம் பிடிக்காமல், அவரைப் பிடித்துத் தொலேதோ நகர மடத்தில் அடைத்தார்கள். ஏறக்குறைய ஒன்பது மாதம். வெளிச்சம் சரியாக வராத, ஆள் நீட்டிப் படுக்கிற அளவே உள்ள ஓர் அறை. 1578 ஆகஸ்டில் தப்பி வந்தார். அந்த அறையில்தான் அவருடைய மிக அழகான கவிதைகளில் சில பிறந்தன. இருண்ட இரவு என்று அவர் எழுதியது வெளியிலும் உள்ளேயும் இருட்டைப் பார்த்தவர் எழுதியது.

இது கடவுள் அனுமதித்த வறட்சிதானா என்று கண்டுபிடிக்க அவர் மூன்று அடையாளம் சொல்கிறார். கடவுள் காரியங்களிலும் ருசி இல்லை, வேறு எதிலும் போய் ருசி தேடவும் மனமில்லை. இது ஒன்று. கடவுளை நினைத்தே மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது, நான் பின்வாங்கிவிட்டேனோ என்ற வேதனை விடுவதில்லை. இது இரண்டாவது. முன்பு போலக் காட்சிகளை மனதில் ஓட்டித் தியானிக்க முயன்றால் ஓடவே மாட்டேன் என்கிறது. இது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பார் அவர். மந்தம் பிடித்தவனுக்கு இரண்டாவது அடையாளம் இருக்காது, அவனுக்குக் கவலையே கிடையாது. உன் கடிதத்தில் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இருப்பதே அந்த இரண்டாவது அடையாளம்தான். அதைப் படித்ததுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

கடவுள் ஏன் இப்படிச் செய்கிறார் என்பதற்கு அவர் சொல்கிற உவமை எந்தத் தாய்க்கும் புரியும். குழந்தை வளர்ந்ததும் தாய் மார்பில் கசப்பான கற்றாழையைத் தடவிக்கொள்கிறாள், இடுப்பிலிருந்து இறக்கி நடக்க விடுகிறாள் என்கிறார். நாம் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடிப்போமே, அதேதான். நீயும் உன் சின்னவனுக்குச் செய்திருப்பாய். அவன் அழுதபோது நீ அவனை வெறுத்தாயா? உன் மடியிலிருந்து அவன் இறங்கினான், உன் வீட்டை விட்டா போனான்?

தெரசா என்ற பெயரிலேயே மூன்று பேர் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள். லிசியே நகரத்துச் சின்னத் தெரசா, செப நேரத்தில் ஏழு வருடமாகத் தூங்கிப் போனதாகத் தன் கையாலேயே எழுதிவைத்தவர். 1896 உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி அவருக்கு வந்த இருள், 1897 செப்டம்பரில் சாகும்வரை விலகவில்லை. நம் கொல்கத்தா அன்னை தெரசாவுக்கு ஏறத்தாழ ஐம்பது வருடம். 1958-ல் சில வாரம் மட்டும் இருள் விலகி மறுபடி மூடிக்கொண்டது. அவருடைய கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோதுதான் உலகத்துக்கே அது தெரிந்தது. அத்தனை வருடமும் காலையில் அவர் நற்கருணை முன்னால் முழங்காலில் இருந்தார், அப்புறம் சாலையோரம் கிடந்தவர்களைத் தூக்கப் போனார். அவரை யாராவது வேஷக்காரி என்று சொல்வார்களா? உனக்கு மட்டும் ஏன் அந்தப் பட்டம்?

ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமானவர் மூன்றாமவர், ஸ்பெயின் நாட்டு அவிலா தெரசாதான். எப்போது மணி அடிக்கும், இந்தச் செப நேரம் எப்போது முடியும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வருடங்களைப் பற்றி ஒளிக்காமல் எழுதியவர். நானும் அந்த இரண்டு வருடமும் நற்கருணைப் பேழைக்கு முன்னால் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பெரிய முள் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும் முன் ஒரு கணம் நடுங்கும். அது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

அவர் செபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு ஒப்பிடுகிறார். கிணற்றில் வாளியால் இறைப்பது, சக்கரம் வைத்து இறைப்பது, ஆற்றிலிருந்து பாய்வது, மழை. நாம் எல்லோரும் மழையையே செபம் என்று நினைத்துவிட்டோம். வாளியை இறக்கி இறக்கி, கிணறே வற்றிக் கிடந்தால் தோட்டக்காரன் என்ன செய்வான் என்றும் அவரே கேட்கிறார். தோட்டம் ஆண்டவருடையது, வேலைக்காரன் தன் வேலையைச் செய்கிறான், அந்த நாளிலும் செடிகளைச் சாகாமல் காப்பது அவர் பொறுப்பு என்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வந்தது. எங்கள் ஊருணி சித்திரையில் வற்றிவிடும். நடுவில் இடுப்பளவு ஆழத்துக்கு ஊற்றுக் குழி தோண்டுவார்கள். விடியும் முன்னே அப்பத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போகும். குழிக்குள் குந்தி உட்கார்ந்தால் முதலில் ஈரமண்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் மண்ணின் ஓரம் வேர்த்தது போல மின்னும். அப்புறம் ஒரு உள்ளங்கைத் தண்ணீர் சேரும். அதைச் சிரட்டையால் அலுங்காமல் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். நான் அவசரப்பட்டு அடிமண்ணோடு வாரிவிட்டால் எல்லாம் கலங்கிப்போகும். "சும்மா இருடி, அது வரும்" என்று சொல்லிவிட்டு அப்பத்தா அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் மழைக்காலத்தில் படித்துறையில் இறங்கி மொள்ளுகிற தண்ணீரைவிட அது தெளிவாக இருக்கும், சில்லென்று இருக்கும்.

நீ இப்போது செய்கிற செபம் ஊற்றுத் தண்ணீர்ம்மா. சிரட்டைச் சிரட்டையாகத்தான் வரும்.

இப்போது, ஏன் விடாதே என்று சொன்னேன் என்பதற்கு வருகிறேன். இஞ்ஞாசியாரின் விதி இது: ஆறுதலற்ற காலத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. ஆறுதலான காலத்தில் என்ன முடிவில் இருந்தாயோ அதிலேயே நில். ஏனென்றால் இருட்டில் எடுக்கும் முடிவு இருட்டுக்கே வேலை செய்யும். மாற்ற வேண்டியது உன்னை, உன் பழக்கத்தை: இன்னும் கொஞ்சம் செபி, இன்னும் கொஞ்சம் கவனி. ஒரு மணி நேரம் செபிக்க முடிவு செய்தவன், எழுந்து ஓடத் தோன்றும் அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம் உட்காரட்டும் என்கிறார். 1522-ல் மன்ரேசாவில் அவரே கிடந்து தவித்த அனுபவம் இதற்குப் பின்னால் இருக்கிறது. இது நமக்கு அந்நியமான சரக்கும் இல்லை. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் இரத்தம் சிந்திய இயேசு சபைக் குரு அருளானந்தர் இஞ்ஞாசியாரின் இந்தப் பயிற்சியில் வளர்ந்தவர். நம் செம்மண்ணுக்கு இந்த விதிகள் வந்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஆனால் விடுவது வேறு, பகிர்ந்துகொள்வது வேறு. அன்பியத்தில் ஒரு வாரம் நீ, ஒரு வாரம் வேறொருவர் என்று மாற்றிக்கொள். அது களைத்த உடம்புக்குச் செய்யும் நியாயம். பாடற்குழுவை விடாதே. அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அதற்கு முன் தினசரிக்கு ஒன்றிரண்டு. பதினைந்து நிமிடம் போதும். ஒரே இடம், ஒரே நேரம். முடிந்ததும் இன்று எப்படி இருந்தது என்று மார்க் போடாதே. சொந்த வார்த்தை வராவிட்டால் திருப்பாடலைக் கடன் வாங்கிக்கொள். 13, 42, 63. "நீரின்றி வறண்ட தரிசு நிலம்போல என் உடல் உமக்காக ஏங்குகின்றது" என்று தாவீது சொல்வதைச் சத்தமாக வாசி. ரொம்ப மோசமான நாளுக்கு 88-ஆம் திருப்பாடல். மற்ற புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை கடைசியில் ஒரு நம்பிக்கை வரியில் வந்து நிற்கும். இது இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒரு பாடலும் விவிலியத்தில் இருக்கட்டும் என்று கடவுள் விட்டுவைத்திருக்கிறார். உன்னைப் போன்ற ஒருத்திக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். ராத்திரி மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது "ஆண்டவரே" என்று ஒரு சொல் போதும், அதற்கு மேல் வேண்டாம். மாதம் ஒரு தடவை, நிதானமாகக் கேட்கக்கூடிய ஒரு குருவிடமோ அருட்சகோதரியிடமோ போய், உள்ளதை உள்ளபடி சொல். இதைத் தனியாகச் சுமக்காதே. அன்னை தெரசாவுக்கே 1961-ல் ஒரு இயேசு சபைக் குருவிடம் பேசிய பிறகுதான் தன் இருளோடு சமாதானம் ஏற்பட்டது.

பாடற்குழு விஷயம். என் வறண்ட இரண்டு வருடத்தில் நான் ஞாயிறு பூசைக்குப் போய்ப் பின் வரிசைத் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவேன். வாயே திறக்க மாட்டேன். "ஆமென்" கூட வராது. மேலே மாடத்தில் நீங்கள் நான்கைந்து பெண்கள் பாடுவீர்கள். நீ அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். நற்கருணைப் பாட்டில் இரண்டாம் அடியில் உன் குரல் மட்டும் கொஞ்சம் உயரும். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு அந்த வாரத்துச் செபம். நீ அன்று என்ன உணர்ந்து பாடினாயோ எனக்குத் தெரியாது. எனக்கு அது வந்து சேர்ந்தது. இப்போது உன் பங்குக் கோயிலிலும் பின் வரிசையில் யாராவது ஒருத்தி அப்படி உட்கார்ந்திருப்பாள்.

வருகிற சனிக்கிழமை சருகணிக்குப் போகிறேன். பிரான்சில் பிறந்து நம் சனங்களுக்காகவே வாழ்ந்து 1973-ல் அங்கேயே கண்மூடிய லெவே அடிகளாரின் கல்லறை இருக்கிறதே, அங்கே கொஞ்ச நேரம் உட்காருவேன். காலை எட்டு மணிக்குத் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். நீயும் வா. வழியில் எதுவும் பேச வேண்டியதில்லை, செபம் வர வேண்டியதும் இல்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் சொல். பஸ் ஏறி நான் அங்கே வந்துவிடுகிறேன், இரண்டு மணி நேரம் அவர்களோடு இருக்கிறேன், நீ போய்த் தூங்கு.